கடல்வழி ஒரு வாரம், வான்வழி நான்கு மணி

சிப்பாங்கில் அமைந்துள்ள கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திற்கும் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி விமான நிலையத்திற்கும் இடையே உள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். அதைக் கடக்க இன்று விமானத்திற்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் போதும். காலை 9 மணிக்கு இங்கிருந்து புறப்படுபவர், திருச்சிக் கடிகாரம் 10.30 காட்டும்பொழுது அங்கு இறங்கியிருப்பார். இரு நாடுகளின் நேரமும் இரண்டரை மணி வேறுபடுவதே இதற்குக் காரணம். 1982-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்த்தப்பட்டன. அதற்கு முன் அவ்வேறுபாடு இரண்டு மணியாகவே இருந்தது.

இதே தொலைவை நம் முன்னோர் எவ்வாறு கடந்தனர்? பாய்மரக் காலத்தில் பயணத்தின் அளவைக் காற்றே வரையறுத்தது. சோழமண்டலக் கரையிலிருந்து கிழக்கே வரத் தென்மேற்குப் பருவக்காற்றும், மலாக்காவிலிருந்து மேற்கே திரும்ப வடகிழக்குப் பருவக்காற்றும் வேண்டும். வணிகர்கள் காற்று மாறும்வரை இத்துறைமுகத்தில் மாதக்கணக்கில் தங்கினர். மலாக்கா செட்டி மக்களின் தோற்றம் இவ்வணிகத்தோடு பிணைந்தது. அவர்கள் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் இன்றும் மலாக்காவில் நிற்கிறது.

நீராவிக் கப்பல் காற்றின் தளையை அறுத்தது. மலாக்காவில் 1896-இல் தான் சே யான் ரப்பர் பயிரிட்டதைத் தொடர்ந்து தோட்டங்கள் பெருகின; ஆள் தேவையும் பெருகிற்று. கங்காணிகள் தமிழகத்துச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்ற வழியில் பல்லாண்டுகள் ஓடியது. முழுப் பயணத்திற்கு ஏறத்தாழ ஒரு வாரமாகும். தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த தொழிலாளர்கள், இறங்கியபின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கியே தோட்டங்களுக்குச் சென்றனர். 1938-இல் இந்திய அரசு தோட்டத் தொழிலாளர் அனுப்பப்படுவதைத் தடை செய்தது.

‘ரஜூலா’ 1970-களின் தொடக்கத்தில் ஓய்வு பெற, ‘சிதம்பரம்’ கப்பல் அவ்வழியில் ஓடியது. 1985 பிப்ரவரியில் சென்னையை நோக்கிச் செல்கையில் அக்கப்பலில் தீப்பற்றி முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அது மீண்டும் பயணிகளை ஏற்றவில்லை. அதன்பின் தாயகப் பயணம் என்றால் விமானம் என்றாயிற்று.

கப்பல் காலத்துத் தோட்டத் தொழிலாளி, தன் ஊர், வட்டம், குலதெய்வம் ஆகியவற்றைத் தவறாது கூறுவார். ஆயினும் பயணச் செலவும் கடனும் தடுக்க, பலர் அவ்வூரை மீண்டும் காணாமலே இம்மண்ணில் மறைந்தனர். ஒருமுறை ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், “உங்கள் கொள்ளுத்தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்?” என்று கேட்டேன். வகுப்பில் இருவர் மட்டுமே விடை கூறினர். “இந்தியா, ஐயா” என்றான் ஒருவன். செர்காமிலிருந்து சிப்பாங்கிற்கு இரண்டு மணி, அங்கிருந்து திருச்சிக்கு நான்கு மணி. ஊர்ப்பெயர் அறியாதவனை அவ்விமானம் விமான நிலையம் வரையில்தான் கொண்டு சேர்க்கும்.

இந்நாடே நம் நாடு, இங்கேயே வாழ்வோம். எனினும் வந்த வழியை அறிவது வரலாற்றுக் கல்வியின் முதற்பாடம். ஆசிரியர்கள் மாணவரிடம் ஓர் எளிய பணியை ஒப்படைக்கலாம். வீட்டு முதியவரிடம் மூதாதையரின் ஊர், வந்த ஆண்டு, கப்பலின் பெயர், முதலில் வேலை செய்த தோட்டம் ஆகிய நான்கையும் கேட்டு ஏட்டில் எழுதி வரட்டும். அம்முதியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இதனைச் செய்து முடித்தல் நம் கடமை.