நாடி விழுந்த பிறகு: செவிலியின் கை குறித்துச் சில குறிப்புகள்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் 'நாடி' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மணிக்கட்டில் துடிப்பதும் நாடி, முகவாய்க்கட்டையும் நாடி. 'நாடி விழுந்திருச்சு' என்றால் துடிப்பு அடங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த வேலை நாடிக்கட்டு கட்டுவது. வாய் பிளந்துவிடாமல் ஒரு துணிக்கீற்றை முகவாய்க்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போடுவார்கள். முதல் நாடிக்கும் இரண்டாவது நாடிக்கும் நடுவில் இருக்கும் காலம் பற்றி நம் மொழியில் பேச்சே இல்லை. மருத்துவக் கணக்கில் அது நான்கிலிருந்து ஆறு நிமிஷம். அதற்குள் இரத்த ஓட்டம் திரும்பாவிட்டால் மூளை சேதமடையத் தொடங்கிவிடும். இந்த நிமிஷங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. அது பெரும்பாலும் மருத்துவர்களின், இயந்திரங்களின் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தில் கட்டில் பக்கத்தில் நின்றவர் யார் என்ற கேள்வி எழுப்பப்படுவதில்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் பத்திரிகைகளுக்கு எல்லாச் சாவும் மாரடைப்புதான். மாரடைப்பு என்பது இதயத் தசைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவது. அந்த ஆள் பேசிக்கொண்டே ஆட்டோவில் வந்து இறங்கலாம். இதயமும் மூச்சும் நின்றுபோவது வேறு. மாரடைப்பு அதற்கு ஒரு காரணம் மட்டுமே. கரண்ட் அடித்தாலும், கிணற்றில் விழுந்தாலும், பூச்சிமருந்து குடித்தாலும், பிரசவத்தில் இரத்தம் போனாலும் வந்து சேரும் இடம் அதுதான். பணக்கார வியாதி என்று ஒதுக்கிவிட முடியாத மரணம் இது.

தமிழ்ப் பிரதிகளில் இதற்குப் பக்கத்தில் வருவது தொடாக்காஞ்சி. புண்பட்டுக் கிடக்கும் கணவனைப் பேய் தொட்டுவிடாமல் மனைவி காக்கும் துறை என்று தொல்காப்பியம் அதை வகுக்கிறது. புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் அந்த இரவை வரிசையாகச் சொல்கிறார்: வீட்டில் வேப்பிலை செருகுவது, வெண்சிறுகடுகு தூவுவது, மணி அடிப்பது, காஞ்சி பாடுவது, புகை போடுவது. சொல்லப்போனால் நம்மிடம் இருக்கும் மிகப் பழைய நைட் டியூட்டிக் குறிப்பு அதுதான். செய்பவர்கள் பெண்கள். பாடு பெறுகிறவன் வீரன். இங்கே காப்பது என்பதன் உள்ளடக்கம் தொடவிடாமல் இருப்பது. நவீன உயிர்மீட்பு இதைத் தலைகீழாக்குகிறது. தொட்டால்தான், அதுவும் விலா எலும்பு முறியுமளவுக்கு அழுத்தினால்தான் காப்பு. ஆகவே அதன் வரலாற்றைத் தொடுதலின் வரலாறாக, அதாவது யார் யாரைத் தொடலாம் என்ற அதிகாரத்தின் வரலாறாகத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் அழாத குழந்தைக்கு வாயோடு வாய் வைத்து ஊதுவது மருத்துவச்சிகளின் பழைய கைவேலை. 1740இல் பாரிஸ் அறிவியல் கழகம் நீரில் மூழ்கியவர்களுக்கு அதைப் பரிந்துரைத்தது. 1767இல் ஆம்ஸ்டர்டாமில் மூழ்கியவர்களை மீட்க ஒரு சங்கமே தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் படித்த மருத்துவர்கள் வாயைக் கைவிட்டுத் துருத்தியைப் பிடித்துக்கொண்டார்கள். பிராணவாயு கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஒருவர் விட்ட மூச்சு இன்னொருவருக்கு உதவாத கழிவு என்ற எண்ணம் வந்துவிட்டது. எச்சில் பற்றிய அருவருப்பு விஞ்ஞானத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டது என்று நான் சொல்வேன். 1950களின் கடைசியில் பால்டிமோரில் பீட்டர் சஃபார், தசைகளை முடக்கும் மருந்து கொடுக்கப்பட்ட தன்னார்வலர்களை வைத்து, விட்ட மூச்சே போதும் என்று நிரூபித்தார். மருத்துவச்சிக்குத் தெரிந்ததை மருத்துவம் ஒப்புக்கொள்ள ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

இதயத்தின் கதையும் அப்படித்தான். 1960வரை நின்ற இதயத்தை இயக்க நெஞ்சைக் கத்தியால் திறந்து கையால் பிசைவார்கள்; அது அறுவை மருத்துவரின் சொத்து. அந்த ஜூலையில் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் எழுதிய கட்டுரை, மூடிய நெஞ்சின்மேல் அழுத்தினாலே இரத்தம் ஓடும் என்றது. இவர்களில் கூவன்ஹோவன் ஒரு மின்பொறியாளர். 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்ததாகக் கணக்குக் கொடுத்தார்கள். பலருக்கு மயக்க மருந்தின்போது, மருத்துவர்களின் கண்முன்னே நின்ற இதயங்கள் என்பதால் வந்த கணக்கு அது. இன்றுகூட வசதியான நாடுகளின் மருத்துவமனைகளில் நான்கில் ஒருவர், ஐந்தில் ஒருவர் வீடு திரும்பினால் அதிகம். எண் கிடக்கட்டும். இரண்டு கை இருக்கிற எவரும் செய்யலாம் என்று ஒரு தொழில்நுட்பம் தன்னையே பொதுவில் வைத்தது அபூர்வம். உடனே வேலியும் போட்டார்கள். பொதுமக்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்க 1974 ஆகிவிட்டது.

அதற்குள் மருத்துவமனைக்குள்ளேயே வேலி ஓரிடத்தில் அறுந்தது. கான்ஸாஸ் நகரத்தின் பெத்தனி மருத்துவமனையில் ஹியூஸ் டே என்ற மருத்துவர், இதயம் நின்றதும் ஓடிவர ஒரு குழுவையும் சாமான்கள் அடுக்கிய தள்ளுவண்டியையும் வைத்திருந்தார். குழு எவ்வளவு ஓடியும் நேரம் கடந்துவிட்டது. ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தவர் செவிலி. 1962இல் அவர் திறந்த இதயப் பிரிவில் கண்காணிப்பு செவிலியின் பொறுப்பாயிற்று. ஃபிலடெல்ஃபியாவில் லாரன்ஸ் மெல்ட்ஸர் இன்னும் ஒரு படி போனார். இ.சி.ஜி.யைப் படித்து, மருத்துவருக்குக் காத்திராமல் செவிலியே ஷாக் கொடுக்கலாம் என்றார். ரோஸ் பின்னியோ என்ற செவிலி அவரோடு சேர்ந்து எழுதிய கையேடு 1965இல் வந்தது. நோயை அறிவது மருத்துவர், ஆணையை நிறைவேற்றுவது செவிலி என்ற பழைய பிரிவினையை உடைத்தது பெண்ணியக் கோரிக்கை ஒன்றுமில்லை, கடிகாரம். மருத்துவமனையின் பிறப்பு பற்றி ஃபூக்கோ எழுதியது 1963. மருத்துவப் பார்வை பிணத்தைத் திறந்து தன் உண்மையைப் பெற்றது என்ற அவருடைய வாதத்தை நாமெல்லாம் வரிக்கு வரி அடிக்கோடிட்டோம். அதே வருஷங்களில் இன்னும் பிணமாகாத உடல்மேல் ஒரு செவிலியின் கைக்கு வந்த அதிகாரம் அந்தப் பார்வைக்குள் அடங்கவில்லை.

சஃபாரின் இன்னொரு முயற்சியையும் இங்கே சொல்ல வேண்டும். 1967இல் பிட்ஸ்பர்க்கில் வேலையற்ற கறுப்பின இளைஞர்களைப் பயிற்றுவித்து ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் தொடங்கப்பட்டது. இன்றைய ஆம்புலன்ஸ் சிகிச்சைக்கு அது முன்மாதிரி. 1975இல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கியதும் அவர்களில் பெரும்பாலோர் மெல்ல வெளியே தள்ளப்பட்டார்கள். கற்றுக்கொடுத்த கை வேண்டும், ஆள் வேண்டாம்.

நம் பக்கம் வருவோம். சென்னைப் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இல் தொடங்கியது. 1885இல் சென்னையில் திறந்த பெண்கள் மருத்துவமனைக்குப் பெயரே விக்டோரியா 'சாதி மற்றும் கோஷா' மருத்துவமனை. தீட்டுக்கும் திரைக்கும் இடம்விட்டுத்தான் நவீன மருத்துவம் இங்கே உள்ளே வந்தது. அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவது, மலஜலம் எடுப்பது, இரவில் வெளியே இருப்பது - இந்த மூன்றுக்காகவும் சாதி இந்துக் குடும்பங்கள் வெகுகாலம் இந்த வேலையை ஒதுக்கிவைத்தன. கிறிஸ்தவப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் அதைச் சுமந்தார்கள். 1946இல் போர் குழு கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் சுமார் 7,000 செவிலியர். 43,000 பேருக்கு ஒருவர். பிற்பாடு அரசு கண்டெடுத்த தமிழ்ச் சொல் 'செவிலியர்'. அகப்பாட்டின் செவிலிக்கும் ஒரு மகள் உண்டு, அவள்தான் தோழி என்கிறது தொல்காப்பியம். வளர்ப்பவளின் மகள் தலைவியாவதில்லை. சொல்லைத் தேர்ந்தவர்கள் இதை யோசித்திருக்க மாட்டார்கள். ஆனால் சொல் தன் வேலையைச் செய்துவிடுகிறது. ஜனங்கள் 'நர்ஸம்மா', 'சிஸ்டர்' என்றே கூப்பிடுகிறார்கள்.

1985இல் தனி மாவட்டமான விருதுநகருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2022 ஜனவரியில். அதுவரை ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் 'பெரியாஸ்பத்திரி' என்றால் மதுரைதான். ராஜபாளையத்திலிருந்து 85 கிலோமீட்டர் சொச்சம். 'மதுரைக்குக் கொண்டு போங்க' என்ற வாக்கியத்தைக் கேட்காத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. 2008 செப்டம்பரில் 108 வந்தபின் வண்டிக்காக அலைவது குறைந்தது, உண்மைதான். ஆனால் நாலு நிமிஷத்தை எந்த வண்டியும் நீட்டிக்காது. நின்ற இதயத்தைப் பொறுத்தவரை ஆள் கிடக்கும் இடமே பெரியாஸ்பத்திரி.

கையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நெஞ்சை நிமிஷத்துக்கு நூறிலிருந்து நூற்றியிருபது தடவை, இரண்டு அங்குல ஆழம் அழுத்த வேண்டும். இரண்டு நிமிஷத்தில் கை சோர்ந்துவிடும், ஆள் மாற வேண்டும். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு என்று இன்னொருவர் ஆம்பு பையைப் பிடித்து அமுக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு மில்லிகிராம் அட்ரினலின். ஒருவர் டிஃபிப்ரிலேட்டரை இழுத்துவர வேண்டும், ஒருவர் நேரம் எழுத வேண்டும், ஒருவர் டியூட்டி டாக்டரைக் கூப்பிட வேண்டும். அழுகிறவர்களை வெளியே நிறுத்தவும் ஆள் வேண்டும். பொது வார்டில் மூன்று அல்லது ஐந்து நோயாளிக்கு ஒரு செவிலி என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவு. ராத்திரி ஒரு தாலுகா மருத்துவமனைக்குள் போய்ப் பார்த்தால் வார்டுக்கே ஒரு சிஸ்டர். ஆணின் கட்டில்மேல் முழங்காலிட்டு ஏறி நெஞ்சை அமுக்கும் பெண்ணை வாசலில் கூடியவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும், விலா முறிந்தால் 'நெஞ்ச ஒடச்சுட்டாக' என்று யார்மேல் பாய்கிறார்கள் என்பதும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

தொடத் தயங்குவது நம் ஊர்ச் சங்கதி மட்டும் கிடையாது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு யாராவது நெஞ்சழுத்தம் கொடுத்திருந்தார்கள், பெண்களுக்கு 39. பயிற்சிக்கு வைக்கும் பொம்மையோ பெண். நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் செய்த 'ஆன்'னுக்கு, ஸேன் நதியில் மூழ்கியவள் என்று கதை சொல்லப்படும் பெயர் தெரியாத பெண்ணின் முகம். ஊதிப் பழகப் பெண் முகம் வேண்டும், தெருவில் விழுந்த பெண்ணைத் தொடக் கூச்சம்.

இந்தக் கையின் கூலி என்ன? 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகப் பரீட்சை எழுதி வந்த ஏழாயிரத்துச் சொச்சம் செவிலியருக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருஷத்தில் நிரந்தரம் என்ற பேச்சு நடக்கவில்லை என்று 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனாவில் சேர்க்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31உடன் முடிக்கப்பட்டது. பிட்ஸ்பர்க் அவ்வளவு தூரத்தில் இல்லை.

நேரம் எழுதுவதைப் பற்றி ஒன்று. ஜெயலலிதாவுக்கு 2016 டிசம்பர் 4ஆம் தேதி இதயம் நின்றது. மருத்துவமனை அறிவித்த மரண நேரம் 5ஆம் தேதி இரவு 11.30. ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, 4ஆம் தேதி பிற்பகல் 3.50 என்றது. செவிலியர், டெக்னீஷியன்கள், டியூட்டி டாக்டர்கள் கொடுத்த சாட்சியங்களை அதற்கு ஆதாரமாக்கியது. எய்ம்ஸ் மருத்துவர் குழுவோ சிகிச்சை முறையாகவே நடந்தது என்று சொல்லியிருந்தது. எது சரி என்ற தீர்ப்புக்குள் நான் போகவில்லை. ஒரு முதலமைச்சரின் கட்டிலருகே நின்ற செவிலியின் சொல் பொதுவெளிக்கு வர ஆணையமும் ஆறு வருஷமும் தேவைப்பட்டன என்பதுதான் என் கவனத்தில் நிற்கிறது.

தாலுகா மருத்துவமனையில் செத்தவருக்கு ஆணையம் வராது. அங்கே மரணத்தை அறிவித்துக் கையெழுத்துப் போடுவது மருத்துவர். எத்தனை மணிக்கு அழுத்தத் தொடங்கினாள், எத்தனை ஊசி போட்டாள் என்பது கேஸ் ஷீட்டின் பின்பக்கங்களில் செவிலியின் கையெழுத்தில் கிடக்கும். உள்நோயாளிக் குறிப்பை மருத்துவர் மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்கின்றன 2002ஆம் வருஷத்து மருத்துவக் கவுன்சில் விதிகள். அதற்குப் பிறகு அந்தத் தாளுக்கு யாரும் பொறுப்பில்லை. அழுத்தி முடித்த கையோடு குழாய்களை உருவி, உடம்பைத் துடைத்து, கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டி, நாடிக்கட்டும் போட்டுத்தான் அவள் உறவுக்காரர்களைக் கூப்பிடுகிறாள். கட்டும் துணி அநேகமாக ராஜபாளையத்துக்குப் பக்கத்திலுள்ள சத்திரப்பட்டித் தறிகளில் ஓடிய பேண்டேஜ் சுருள்.