பிள்ளை பிடிக்கிறவன் வந்த கதை

எங்க ஊருக்கு வதந்தி ஒண்ணும் புதுசு இல்லைங்க. 1995 செப்டம்பர் 21-ம் தேதி, பிள்ளையார் பால் குடிக்கிறார்னு டெல்லிப் பக்கம் கிளம்பின சேதி ஒரே நாளில் நாடு முழுக்கப் பரவியது. அப்போ வாட்ஸ்அப் ஏது? போன்லயும் வாய்மொழியாவும் போனதுதான். பரப்பு இழுவிசையால்தான் கரண்டிப் பால் இறங்குகிறது என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அன்னிக்கு வீணானது பால் மட்டும்தான்.

2018-ல் போனது உயிர். பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிட்டுப் போற வீடியோ. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் திரும்ப விட்டுட்டு எச்சரிக்கைப் பலகை காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். அந்த மே மாதம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவைக் கூட்டம் அடித்தே கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்த குற்றம்.

அந்த வீடியோவை நானும் நாலு குரூப்புக்கு அனுப்பினேன். இதை மறைக்க விரும்பலை.

அதே வாரம் எங்க ஊருக்கு ஒரு குடுகுடுப்பைக்காரர் வந்தார். பசங்க சூழ்ந்துட்டாங்க. நம்பாதீங்கன்னு போலீஸ் சொன்ன சேதியும் எல்லார் போன்லயும் இருந்தது, யாரும் படிக்கலை. எங்க பெரியம்மா ஓடிவந்து, "டேய், இவன் அப்பன் காலத்துலேருந்து நம்ம களத்துக்கு வர்றவன்டா, கையை எடுங்கடா"ன்னு சத்தம் போட்டாங்க. கூட்டம் கலைஞ்சுது.

தெலங்கானாவின் கத்வால் மாவட்டத்தில் எஸ்.பி. ரெமா ராஜேஸ்வரி செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஊருக்கு ஒரு போலீஸ்காரரை ஒதுக்கி, மக்களோடு பழகவிட்டு, பாட்டு மூலமாகவும் உண்மையைச் சொல்ல வைத்தார். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு சேதியை ஐந்து சாட்டுக்கு மேல் ஒரே தடவையில் அனுப்ப முடியாதபடி செய்தது. அது வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். பொய்யை ஜெயிக்க, தெரிஞ்ச முகம் ஒண்ணு நேர்ல வந்து நிக்கணும்.

அடுத்த தை அறுப்புக்கு அந்த குடுகுடுப்பைக்காரர் மறுபடி வந்தார். ஒரு முறம் நெல் போட்டேன். அவர் முகத்தைத்தான் நிமிர்ந்து பார்க்க முடியலை.