காடும் கடலும்: முல்லைக்கலி, நெய்தற்கலி வாசிப்பு வரலாறு

முன்னுரை

எட்டுத்தொகை நூல்களுள் முதன்முதலில் அச்சேறியது கலித்தொகை. சி.வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு நச்சினார்க்கினியர் உரையுடன் அதனைப் பதிப்பித்தார். ஆயினும் அதன் 150 பாடல்களும் ஒரே அளவில் வாசிக்கப்படவில்லை. காட்டைக் களனாகக் கொண்ட முல்லைக்கலியின் 17 பாடல்களிலிருந்து ஏறுதழுவலும், கடற்கரையைக் களனாகக் கொண்ட நெய்தற்கலியின் 33 பாடல்களிலிருந்து ஓர் அறப்பட்டியலுமே மக்களிடையே பெருவழக்காயின. இத்தேர்வில் விடுபட்டது யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அறிஞர் வாசிப்பு

தாமோதரம்பிள்ளை தம் பதிப்புக்கு ‘நல்லந்துவனார் கலித்தொகை’ எனப் பெயரிட்டார். பழைய வெண்பா ஒன்றோ ஐந்து கலிகளையும் ஐந்து புலவர்க்கு உரியனவாக்கி, முல்லையைச் சோழன் நல்லுருத்திரனுக்கும் நெய்தலை நல்லந்துவனாருக்கும் வழங்குகிறது. நூல் ஒருவர் பாடியதா, ஐவர் பாடியதா என்னும் விவாதம் இதிலிருந்து வளர்ந்தது. எஸ். வையாபுரிப்பிள்ளை கலித்தொகையையும் பரிபாடலையும் ஏனைய தொகைகளுக்குப் பிற்பட்டனவாகக் கொண்டார். 1925 முதல் வெளிவந்த இ.வை. அனந்தராமையர் பதிப்பு நூலை நுணுகிக் கற்கத் துணைசெய்தது. இவ்வாறு அறிஞரிடையே ஆசிரியரும் காலமுமே முதன்மை பெற்றன.

பொதுவெளி வாசிப்பு

பொதுவெளியில் நிலைமை வேறு. 2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 சனவரியில் மெரினாவில் போராட்டம் எழுந்தது. அக்காலத்தில் விளையாட்டின் தொன்மைக்கு முல்லைக்கலி மீண்டும் மீண்டும் சான்றாக்கப்பட்டது. அச்சான்று வலுவானதே, ஏறுகளின் நிறம், கொம்பு, தொழுவின் ஆரவாரம் ஆகியவற்றை இவ்வளவு விரிவாகக் கூறும் சங்கப் பகுதி வேறில்லை. ஆனால் காளையின் கொம்புக்கு அஞ்சுபவனை மறுபிறவியிலும் தழுவாள் ஆயமகள் என்னும் புகழ்பெற்ற கூற்று, வீரத்தைப் போற்றும் அளவில், துணையைத் தேர்வதில் பெண்ணின் விருப்பத்தையும் முன்னிறுத்துகிறது. மேடைகளில் வீரம் நின்றது. அவள் விருப்பம் பின்னணியானது. ஏறுதழுவலுக்கு அப்பால் மோர் விற்கும் பெண்ணின் சொல்லாடல் போன்றவை பேசப்படுவதும் அரிது.

நெய்தற்கலியின் 133ஆம் பாடலுக்கும் இதுவே நேர்ந்தது. ஆற்றுதல், போற்றுதல், பண்பு, அன்பு முதலியவற்றுக்கு அது கூறும் வரையறைகள் தனித்த அறவுரைகளாக எடுத்தாளப்படுகின்றன. பாடலில் அவற்றைக் கூறுபவள் தோழி. கேட்பவன் தலைவியைத் துயரில் ஆழ்த்திய தலைவன். அறத்தை அறிந்தவனாயின் தேரைப் பூட்டி வந்து அவள் துயர் தீர்க்கவேண்டும் என்பதே அவள் வாதத்தின் முடிபு. ஆகவே அங்கு அறம் பொது உபதேசமன்று. ஒருவனைப் பொறுப்பேற்கச் செய்யும் வழக்குரை.

முடிவுரை

காட்டுப் பாடல் வரலாற்றுச் சான்றாகவும் கடற்பாடல் அறநூலாகவும் மாறியதால் கலித்தொகை பலரைச் சென்றடைந்தது. இதனைக் குறையென்று மட்டும் கூறவியலாது. எனினும் இருவகை எடுத்தாள்கையிலும் கூற்றுக்குரியவர் மறைகின்றார். உரையாசிரியர் ஒவ்வொரு பாடலுக்கும் கூற்றையும் சூழலையும் முதலில் சுட்டியது வெறும் மரபன்று. யார், யாரிடம், எதன்பொருட்டுக் கூறினர் என்பதை அறிந்த பின்னரே அகப்பாடலைச் சான்றாக்குதல் வேண்டும் என்னும் வாசிப்பு நெறி அதில் அடங்கியுள்ளது.