இளவட்டக்கல்லும் சாமி பல்லக்கும்

“காலையில் முதல் வகுப்புக்கு மாடி ஏறும்போது ஒன்றும் தெரியாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு இறங்கும்போது முழங்கால் லேசாக உறுத்தும். சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒருபக்கமாகத்தான் இறங்குவேன்” என்றார் அந்த ஆசிரியை. வயது நாற்பதுக்குள்தான். எக்ஸ்ரேயில் தேய்மானம் என்று சொல்ல எதுவும் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேல்காலை உயர்த்தச் சொல்லி, கணுக்காலுக்குச் சற்று மேலே கையால் அழுத்திப் பார்த்தேன். கால் அசையவில்லை. ‘இடுப்புத் தசை வலு நன்று’ என்று குறிப்பில் எழுதினேன். எழுதியது உண்மைதான். ஆனால் சாயங்காலப் படிக்கட்டைப் பற்றி அந்தக் குறிப்பு எதையும் சொல்லவில்லை.

அடுத்த முறை வந்தபோது அழுத்திப் பார்க்கவில்லை. ஒரே தாளத்தில் காலை உயர்த்தி இறக்கிக்கொண்டே இருக்கச் சொல்லி எண்ணினேன். வலியில்லாத பக்கத்தில் எட்டிய எண்ணிக்கையில் பாதியைத் தொடும் முன்பே, வலிக்கிற பக்கத்து இடுப்பு பின்னால் சரிந்தது. தொடையின் முன்பக்கத் தசை அந்த வேலையைத் திருட்டுத்தனமாக எடுத்துக்கொண்டது. முதல் சோதனையில் கேட்டது வலு. இரண்டாவதில் கேட்டது தாக்குப்பிடிக்கும் திறன்.

தென்மாவட்டத்து ஊர்களில் இளவட்டக்கல் தூக்குவார்கள். உருண்டைக் கல்லை முழங்காலுக்கு, நெஞ்சுக்கு, தோளுக்கு ஏற்றிப் பின்னால் தள்ளிவிட்டால் முடிந்தது. அரை நிமிட வேலை. சாமி பல்லக்குச் சுமப்பவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு தோளுக்கு வரும் பாரம் அந்தக் கல்லைவிடக் குறைவு, ஆனால் நான்கு வீதியும் சுற்றி வரவேண்டும், நடுவில் ஒரு தோள் தாழ்ந்தாலும் பல்லக்கு ஆடும். கல்லைத் தூக்கியவரெல்லாம் பல்லக்குக்கு ஆவார் என்று ஊரில் யாரும் நினைப்பதில்லை. முழங்கால் வலியோடு வருகிறவரின் இடுப்பைச் சோதிக்கும்போது நாங்கள் பல காலம் கல்லைத் தூக்கச் சொல்லியே முடிவு கட்டியிருக்கிறோம்.

முழங்கால் வலிக்கு இடுப்பை ஏன் பார்க்கவேண்டும் என்று கேட்பது நியாயம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் முழுக்க ஒற்றைக் காலில் நிற்கிறது. அந்தக் கணத்தில் எதிர்ப்பக்க இடுப்பு கீழே விழாமல் இழுத்துப் பிடிப்பது நடுப்பிட்டத் தசையும் அதன் அடியில் இருக்கும் சிறுபிட்டத் தசையும். உடல் எடை மூட்டிலிருந்து தள்ளி விழுகிறது, தசையோ மூட்டுக்கு மிக அருகில் பிடித்திருக்கிறது. அதனால் உடல் எடையைப்போல் சுமார் இரண்டு மடங்கு விசையில் அது இழுக்கவேண்டியிருக்கிறது. இந்தத் தசை தோற்றால் ஒற்றைக் காலில் நிற்கும்போது எதிர்ப்பக்க இடுப்பு தாழ்வதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895இல் விவரித்தார். இன்றும் அவர் பெயரால்தான் அந்த அறிகுறியை அழைக்கிறோம்.

இடுப்பு பிடிக்காதபோது தொடை எலும்பு உள்பக்கமாகச் சாய்ந்து திரும்புகிறது. முழங்கால் சில்லு தொடை எலும்பின் முன்னால் உள்ள ஒரு பள்ளத்தில் ஏறி இறங்குவது. சில்லு வெளிப்பக்கம் விலகுவதால் வலி வருகிறது என்று எண்ணிச் சில்லை உள்ளே இழுக்கும் தசைக்கே வெகுகாலம் பயிற்சி கொடுத்தார்கள். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பவர்ஸ் குழு, காலில் எடை தாங்கியிருக்கும் நிலையிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 2003இல் வேறொன்றைச் சொன்னது. எடை தாங்கும்போது சில்லு பெரிதாக நகரவில்லை, அதற்கு அடியில் தொடை எலும்புதான் திரும்புகிறது. அம்மி ஆடிக்கொண்டிருக்கக் குழவியைக் குறை சொன்ன கதை அது.

வலுவைப் பற்றிய சான்று அதே ஆண்டில் வந்தது. சில்லைச் சுற்றி வலியுள்ள 15 பெண்களையும் வலியில்லாத 15 பெண்களையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வில், காலைப் பக்கவாட்டில் விரிக்கும் வலு 26 சதவீதமும், வெளிப்பக்கம் திருப்பும் வலு 36 சதவீதமும் குறைந்திருந்தன. தேய்மானம் உள்ள வயதானவர்களிடமும் இதே கதைதான். 2010இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முழங்காலின் உள்பக்கம் தேய்ந்தவர்களுக்கு இடுப்பைச் சுற்றியுள்ள தசைகள் 16 முதல் 27 சதவீதம்வரை தளர்ந்திருந்தன. இருபது வயதுக்காரியின் சில்லு வலியும் அறுபது வயதுக்காரரின் தேய்மானமும் நோயாக வேறுவேறு. இடுப்பின் தளர்ச்சி இரண்டிலும் தெரிகிறது.

வலுவை அளப்பது சுலபம். டைனமோமீட்டர் என்ற கையடக்கக் கருவியைக் காலில் வைத்து ஐந்து விநாடி தள்ளச் சொன்னால் எண் வந்துவிடும். அதை உடல் எடையால் வகுத்தால் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடலாம். ஆய்வுகள் வலுவின் பக்கமே குவிந்ததற்கு இந்தச் சுலபமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தாக்குப்பிடிப்பை அளப்பது அப்படி இல்லை. தசை களைத்ததால் நிறுத்தினாரா, வலித்ததால் நிறுத்தினாரா, மனம் சலித்ததால் நிறுத்தினாரா என்று பிரித்தறிய வேண்டும். ஒருவர் படுத்துக் கால் தூக்கச் சொல்கிறார், இன்னொருவர் தூக்கிய நிலையிலேயே பிடித்திருக்கச் சொல்கிறார், மற்றொருவர் இயந்திரத்தில் திரும்பத் திரும்பத் தள்ளச் சொல்கிறார். மூன்றும் மூன்று எண்களைத் தரும்.

அந்தத் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு அளந்தவர்களுக்குக் கிடைத்தது பெரிது. ரிச்சர்டு சூசாவும் பவர்ஸும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஓடும்போது பெண்களின் தொடை உள்பக்கம் திரும்பும் அளவை எது முன்கூட்டிச் சொல்கிறது என்று தேடினார்கள். தொடை எலும்பின் வடிவத்தை அளந்தார்கள், தசைகளின் வலுவை அளந்தார்கள், தாக்குப்பிடிப்பையும் அளந்தார்கள். கடைசியில் நின்றது ஒன்றே ஒன்று: காலைப் பின்னுக்குத் தள்ளும் பிட்டத் தசை எத்தனை முறை தாக்குப்பிடிக்கிறது என்பது. அதற்கு முந்தைய ஆண்டு டியர்க்ஸும் உடன் பணியாற்றியவர்களும் சில்லு வலியுள்ள 20 ஓட்டக்காரர்களைக் களைக்கும்வரை ஓடவிட்டுப் பார்த்திருந்தார்கள். இடுப்பு வலு குறைந்தவர்களின் தொடை உள்பக்கம் சாய்ந்தது. அந்தத் தொடர்பு ஓட்டத்தின் தொடக்கத்தைவிட முடிவில் நன்றாகத் தெரிந்தது. அந்த ஆசிரியையின் காலைப் படிக்கட்டும் மாலைப் படிக்கட்டும் இதற்குள் இருக்கின்றன.

கணக்குப் போட்டால் இன்னும் விளங்கும். நாளைக்கு ஐயாயிரம் அடி நடப்பவரின் ஒரு பக்க இடுப்பு இரண்டாயிரத்து ஐந்நூறு முறை உடலைத் தாங்குகிறது. எந்த ஓர் அடிக்கும் முழு வலு தேவையில்லை, ஒரு பங்கு போதும். அந்தப் பங்கு எவ்வளவு என்பதில்தான் வலுவும் தாக்குப்பிடிப்பும் சந்திக்கின்றன. வலு அதிகமானவருக்கு ஒவ்வோர் அடியும் தன் கையிருப்பில் சிறு பகுதி, எனவே தாமதமாகக் களைப்பார். வலு குறைந்தவருக்கு ஒவ்வோர் அடியும் கையிருப்பில் பெரும்பகுதியை விழுங்கும். அதனால் வலுவைக் கூட்டினால் தாக்குப்பிடிப்பும் ஓரளவு கூடவே வரும். ஓரளவுதான். மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் நார்களும், அவற்றுக்குப் பிராணவாயு கொண்டுபோகும் நுண்குழாய்களும் நீண்ட உழைப்பைக் கேட்டால்தான் வளரும்.

வலுவையும் தாக்குப்பிடிப்பையும் தெளிவாகப் பிரித்துப் பேசியவர் தாமஸ் டிலோர்ம். சிகாகோவில் அமெரிக்க ராணுவ மருத்துவமனை ஒன்றில் காயம்பட்ட சிப்பாய்களின் கால்களைத் தேற்றிக்கொண்டிருந்தவர், எடை தூக்கிப் பழகியவர். அதிக எடை, குறைந்த எண்ணிக்கை என்றால் வலு. குறைந்த எடை, அதிக எண்ணிக்கை என்றால் தாக்குப்பிடிப்பு. ஒன்று மற்றதன் பலனைத் தராது என்று 1945இல் எழுதினார். அந்தக் கடைசி வரி மிகை என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. முதல் இரண்டும் இன்றைக்கும் பயிற்சிக்கூடத்தில் நிற்கின்றன. எட்டு முதல் பன்னிரண்டு தடவையில் தசை ஓயும் அளவு எடை வைத்தால் வலுவுக்கு. பதினைந்து, இருபதுக்கு மேல் போகும்படி எடையைக் குறைத்து இடைவேளையையும் சுருக்கினால் தாக்குப்பிடிப்புக்கு.

ஒன்றை மறைக்கக் கூடாது. இடுப்பு தளர்ந்ததால் முழங்கால் வலித்ததா, முழங்கால் வலித்ததால் இடுப்பு தளர்ந்ததா? 2014இல் ராத்லெஃப் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வலி வந்தபிறகு அளந்தவற்றில் இடுப்பு தளர்ந்திருந்தது. வலி வருமுன்னே அளந்துவிட்டுக் காத்திருந்த ஆய்வுகளிலோ, தளர்ந்த இடுப்பு பின்னால் வரப்போகும் வலியைக் காட்டிக்கொடுக்கவில்லை. அமெரிக்காவில் பள்ளி ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், பின்னால் முழங்கால் வலி வந்தவர்களுக்குத் தொடக்கத்தில் காலை விரிக்கும் வலு கூடுதலாகவே இருந்தது. வலி வந்தபின் அந்த வலு சரிந்தது. இவற்றில் பெரும்பாலும் அளந்தது அசையாமல் ஒருமுறை தள்ளும் வலுவை. ஓட்டத்தின் இருபதாவது நிமிடத்தில் அந்த இடுப்பு எப்படி இருந்தது என்ற கேள்வியை அந்த எண்களிடம் கேட்க முடியாது. ‘இடுப்பு வீக், அதனால்தான் மூட்டு வலி’ என்று நோயாளியிடம் ஒரே வரியில் சொல்வதை நான் நிறுத்தியது இவற்றைப் படித்த பிறகுதான்.

காரணம் எதுவானாலும் இடுப்புக்குப் பயிற்சி கொடுத்தால் வலி குறைகிறது. 2015இல் ஃபெர்பர் குழு 199 பேரை இரண்டாகப் பிரித்து ஆறு வாரம் பயிற்சி கொடுத்தது. ஒரு பகுதிக்கு முழங்கால் பயிற்சி, மற்றதற்கு இடுப்பும் வயிற்று நடுப்பகுதியும். இரு பக்கமும் தேறின, இடுப்புப் பக்கத்தினருக்கு வலி ஒரு வாரம் முன்னதாகவே குறையத் தொடங்கியது. தேய்மானக்காரர்களுக்கு 2010இல் பென்னல் குழு 12 வாரம் இடுப்பு வலுப் பயிற்சி தந்தது. ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 89 பேர். வலி குறைந்தது, செயல்பாடு கூடியது, ஆனால் நடக்கும்போது முழங்காலின் உள்பக்கம் விழும் சுமை குறையவே இல்லை. பயிற்சி ஏன் வேலை செய்கிறது என்பதற்கு நாம் வைத்திருந்த விளக்கத்தில் ஓட்டை இருக்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

நடைமுறையில் யாருக்கு எது முதலில் என்று பார்க்கவேண்டியிருக்கிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத பெரியவருக்கு அந்த ஓர் எழுகையே இளவட்டக்கல். அவருக்கு வலுவில் தொடங்குகிறேன், ரப்பர் பட்டையோ காலில் கட்டும் மணல்பையோ போதும். நாள் முழுக்க நிற்கிற ஜவுளிக்கடைப் பெண்ணுக்கும், பேருந்தில் நின்றே பயணம் போகும் நடத்துநருக்கும், மாரத்தானுக்குப் பழகும் இளைஞனுக்கும் கல் தூக்கத் தெரியும். அவர்களுக்குப் பல்லக்குதான் கனக்கிறது.

ஆசிரியைக்கு எடையில்லாமல் எண்ணிக்கையைக் கூட்டினேன். பிறகு ஒற்றைக் காலில் நின்று, கண்ணாடியில் இடுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டே தாழ்வான படியில் இறங்கி ஏறச் சொன்னேன். இடுப்பு தாழ்ந்ததும் அன்றைய எண்ணிக்கை முடிந்தது, அதற்குமேல் ஒன்றும் செய்யக் கூடாது. சோதிக்கும் நேரத்தையும் மாற்றினேன். காலை பத்து மணிக்கு வந்துகொண்டிருந்தவரைப் பள்ளி விட்டதும் நேராக வரச் சொன்னேன்.