கடல் கடந்த நாணயம்

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பையில் கிடக்கிற காசு ஒன்று. வாங்கியதைச் சொன்ன தேதியில் திருப்பித் தருகிற குணம் இன்னொன்று. வத்திராயிருப்பு பக்கம், சுந்தரபாண்டியத்தில் நான் வளர்ந்த தெருவில் இரண்டாவது பொருள்தான் அதிகம் புழங்கியது. 'அவன் நாணயமான ஆளு, குடுக்கலாம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் அண்ணாச்சி கடை நோட்டில் ஒரு புதுப் பக்கம் திறக்கும். நெசவுக்காரர் வீட்டில் பாவுக்கும் ஊடைக்கும் நூல் முன்கூட்டி வந்து இறங்கும், கல்யாணத்துக்கு முன்பணம் கிடைக்கும். எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான். அதே ஆள் ராஜபாளையத்துக்குக் குடி போனால் அங்கே அந்த நோட்டு செல்லாது. புதிதாக, சின்னத் தொகையிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

இன்றைக்கு நாம் கடன் வரலாறு, கிரெடிட் ஸ்கோர் என்று சொல்வது இந்த நோட்டின் நீட்சிதான். அதை ஊரைவிட்டு வெளியே எடுத்துப் போவது எப்படி என்பது பழைய பிரச்னை. அமெரிக்காவில் 1837ஆம் ஆண்டு நெருக்கடியில் கடன் கொடுத்துச் சிக்கிய லூயிஸ் டப்பான் என்ற பட்டு வியாபாரி, 1841இல் நியூயார்க்கில் ஒரு நிறுவனம் தொடங்கினார். ஊர் ஊராக வக்கீல்களைப் பிடித்து, அந்தந்த ஊர்க் கடைக்காரர் எப்படிப்பட்டவர், குடிப்பாரா, சொத்து உண்டா என்று எழுதி வாங்கி, பெரிய பெரிய பேரேடுகளில் ஏற்றி, கட்டணத்துக்கு மற்ற வியாபாரிகளுக்குப் படித்துக் காட்டுவது. பொருளாதார வரலாறு எழுதுகிறவர்கள் கடன் வரலாற்றின் தொடக்கமாக வழக்கமாக இதைத்தான் காட்டுவார்கள். எனக்கு இதில் ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய ஒரு கூட்டம், பேரேட்டை விலைக்கு விற்காமலே, நாணயத்தைக் கடல் தாண்டி அனுப்பிக்கொண்டிருந்தது.

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைச் சொல்கிறேன். ப. சிங்காரத்தை வாசித்தவர்களுக்கு இந்த உலகம் தெரியும். கிட்டங்கி என்ற நீள மண்டபம். அதில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்த வட்டிக்கடைக்காரர்கள், ஒவ்வொருவர் முன்னும் ஒரு மரப்பெட்டி. அந்தப் பெட்டிதான் ஒரு முழு ஃபர்ம். ஓரத்தில் ஏவின வேலைக்கு ஓடப் பெட்டியடிப் பையன். சிங்கப்பூரின் மார்க்கெட் தெரு, கொழும்பின் செட்டியார் தெரு, ரங்கூனின் மொகல் தெரு என்று எங்கே போனாலும் இதே அமைப்பு. ஏஜெண்டு மூன்று வருஷத் தவணைக்குப் போவார், கணக்கு முடித்து ஊர் திரும்புவார், அடுத்தவர் போவார்.

இந்த வலையில் கார்டு வேலையைச் செய்தது உண்டியல். காரைக்குடிப் பக்கம் பணத்தைக் கட்டிவிட்டு, ரங்கூனில் இன்ன விலாசத்துக்காரர் மேல் எழுதிய சீட்டை எடுத்துப் போனால் அங்கே பணம். பார்த்ததும் கொடுக்கவேண்டியது தரிசன உண்டியல், நாள் குறித்துக் கொடுப்பது தவணை உண்டியல். (கோயிலில் காசு போடுகிற உண்டியல் தனி. இலங்கைத் தமிழர்கள் டொராண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வங்கிக்கு வெளியே ஊருக்குப் பணம் அனுப்புவதை இன்னும் 'உண்டியல்' என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சொல் இந்த வழியில்தான் வந்திருக்கவேண்டும்.) சீட்டை வாங்கிப் பார்ப்பவர் முதலில் தேடுவது விலாசம். விலாசம் என்றால் வீட்டு முகவரி இல்லை, தலைமுறைகளின் முதலெழுத்துகளைச் சேர்த்த ஃபர்மின் அடையாளம். அப்பன், தாத்தா பெயரின் எழுத்துகள் அதில் இருக்கும். ஆக, நீங்கள் பிறப்பதற்கு முன்பே உங்கள் கடன் வரலாறு தொடங்கிவிடும். மாலையில் கோயிலில் கூடுவதும் வழிபாட்டுக்கு மட்டும் இல்லை. ரங்கூனில் நடப்பு வட்டி விகிதம் முடிவானதே மொகல் தெருக் கோயில் கூட்டத்தில்தான். யார் தவணை தவறினார்கள் என்கிற தகவல் அங்கே பரவ அதிக நேரம் ஆகாது.

கம்ப்யூட்டர்க்காரனாக எனக்கு இந்த அமைப்பின் மேல் ஒரு மயக்கம் வருவதை மறைக்கவில்லை. மையமாக ஒரு சர்வர் கிடையாது, ஆனால் எல்லா முனைக்கும் ஒரே தகவல். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அந்த நாட்டில் சுமார் 1650 செட்டியார் ஃபர்ம்கள். நடைமுறை மூலதனம் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். அன்றைய 75 கோடி!

மயக்கத்தோடு நிறுத்தினால் அது பொய்யான வரலாறாகிவிடும். இந்த நாணயம் சாதிக்குள் மட்டும் ஓடிய நாணயம். ஐராவதி டெல்டாவில் நெல் போட்ட பர்மிய விவசாயி இருபது வருஷம் ஒழுங்காக வட்டி கட்டியிருந்தாலும் அவனுக்கு விலாசம் கிடையாது. அவனிடம் இருந்த ஒரே ஈடு நிலம். 1930இல் நெல் விலை சரிந்ததும் அது கைமாறத் தொடங்கியது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் 1930இல் சுமார் 6 சதவீதமாக இருந்த விளைநிலம் 1938இல் சுமார் 25 சதவீதம். நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கவில்லை, வாராக்கடனாக வந்து விழுந்தது என்பது ஒரு தரப்பு வாதம். அதில் உண்மை இருக்கிறது. நிலத்தை இழந்தவனுக்கு அந்த உண்மையால் என்ன பயன் என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான்.

கூட்டு நாணயத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இலங்கையில் ஐரோப்பிய வங்கிகள் உள்ளூர் வியாபாரிக்கு நேரடியாகக் கடன் தராது. செட்டியார்களுக்குத் தரும், செட்டியார்கள் ஊருக்குத் தருவார்கள். 1925இல் கொழும்பில் ஒரு பெரிய செட்டியார் ஃபர்ம் நொடித்தது. வங்கிகள் அந்த ஒரு ஃபர்மோடு நிறுத்தவில்லை, மொத்தச் செட்டியார்களுக்கும் கடனை இறுக்கின. ஒருவனின் தவறிய தவணை எல்லோர் ஸ்கோரையும் இறக்கிவிட்டது. அவர்களை நம்பியிருந்த சிங்கள, தமிழ் வியாபாரிகளும் சேர்ந்து தவித்தார்கள். 1934இல் வங்கி ஆணைக்குழு, 1939இல் பேங்க் ஆஃப் சிலோன் என்று கதை அங்கிருந்து போகிறது. இந்தப் பக்கம் 1937 பிப்ரவரி 10 அன்று எம். சிடி. எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. ஐந்தே வருஷம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போனது. இந்தியர்கள் லட்சக்கணக்கில் காடு மலை வழியாக நடந்து வந்தார்கள். பத்திரமும் பேரேடும் கையில் இருந்தவர்களுக்கும் அதை நீட்டிக் காட்ட அந்த நாடு இல்லாமல் போயிற்று.

இப்போது நம் காலம். அமெரிக்காவில் வேலைக்குப் போன முதல் மாதம், அங்கே ஒரு வங்கியில் கார்டு கேட்டேன். மறுத்துவிட்டார்கள். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும் என்பது அந்த ஊரில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் தந்த உரிமை, அதனால் கடிதம் வந்தது: போதிய கடன் வரலாறு இல்லை. இந்தியாவில் எட்டு வருஷம் ஒரு தவணை தவறாத ஆள் நான். கடைசியில் 500 டாலரை டெபாசிட் கட்டி, அதே 500 டாலர் வரம்புள்ள கார்டு ஒன்று வாங்கினேன். என் பணத்தை எனக்கே கடன் தருகிறார்கள். சுந்தரபாண்டியத்திலிருந்து ராஜபாளையம் போன அதே கதைதான்.

இதில் வேடிக்கை எங்கே என்றால், சிபில் 2000இல் இந்தியாவில் தொடங்கியது. இன்று அதன் பெரும்பங்கு சிகாகோவின் டிரான்ஸ்யூனியன் கையில். (1968இல் ரயில் டேங்கர்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனிக்காக உருவான நிறுவனம் அது.) எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ் இரண்டும் இரு நாட்டிலும் உண்டு. கடையின் பெயர்ப் பலகை ஒன்றே, நோட்டு மட்டும் நாட்டுக்கு நாடு தனி. தகவலை எல்லை தாண்டி அனுப்புவது தொழில்நுட்பத்தில் ஒரு மதிய வேலை. தடுப்பது சட்டமும், அடையாள எண்கள் வேறு வேறாக இருப்பதும்தான். நோவா கிரெடிட் மாதிரி சில நிறுவனங்கள் இந்திய அறிக்கையை அமெரிக்க வங்கிக்குப் பெயர்த்துத் தருகின்றன, 2019இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் அதை ஏற்கத் தொடங்கியது. இன்னும் அது விதிவிலக்குதான்.

அப்படியானால் இந்தியக் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் என்ன ஆகும்? ஒருகாலத்தில் கேள்வியே எழாது, 'இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டும் செல்லும்' என்று கார்டிலேயே அச்சடித்திருக்கும். இப்போதும் 2020 மார்ச்சிலிருந்து புதுக் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே வரும், நாம்தான் திறந்துவிடவேண்டும். சிங்கப்பூர் ஹோட்டலில் தேய்த்த டாலர் ரூபாயாக மாறி, வழக்கமாக 2 முதல் 3.5 சதவீதம் கூடுதலோடு பில்லில் ஏறும். மெஷின் 'ரூபாயிலேயே எடுக்கவா' என்று கேட்டால் வேண்டாம் என்பதே நல்லது, அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் மோசம். சிபிலுக்குப் போவது ஊர் பெயர் இல்லாத எண்கள்: வரம்பு, பாக்கி, எத்தனை நாள் தாமதம். ஒரு லட்ச வரம்பில் தொண்ணூறாயிரம் ஒரே பயணத்தில் ஏறினால், முழுசாகக் கட்டினாலும் அந்த மாத அறிக்கையில் பாக்கி பெரிசாகத் தெரியும், ஸ்கோர் கொஞ்சம் இறங்கலாம். அடுத்த மாதங்களில் ஏறிவிடும். அந்தச் செலவும் ஒழுங்கும் சிங்கப்பூரின் எந்த ஏட்டிலும் பதியாது. குடியேறுகிறவர்கள் அடிக்கடி விடுவது வேறு: இங்கே விட்டுப்போன கார்டின் ஆண்டுக் கட்டணம். பழைய நம்பருக்கு எஸ்எம்எஸ் போய்க்கொண்டே இருக்கும், தாமத நாட்கள் 30, 60, 90 என்று இந்திய ஏட்டில் ஏறிக்கொண்டே இருக்கும்.

கடன் மட்டும் சுலபமாகக் கடல் தாண்டுகிறது. 2008 இறுதியில் துபாய் சரிந்தபோது, கார்டு பாக்கியும் கார் லோனும் கட்டமுடியாதவர்கள் ஏர்போர்ட்டில் காரை விட்டுவிட்டு விமானம் ஏறிய செய்திகள் வந்தன. செக் திரும்பினால் அங்கே அப்போது ஜெயில். ஊர் வந்து சேர்ந்தால் தப்பிவிட்டோம் என்ற நம்பிக்கை ரொம்ப வருஷம் ஓரளவு பலித்தது. அல் எத்திஹாத் என்ற அந்த நாட்டுக் கடன் தகவல் அமைப்பே 2014இல்தான் செயல்படத் தொடங்கியது. பிறகு 2020 ஜனவரியில் இந்திய அரசு, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின் கீழ், ஐக்கிய அரபு அமீரகத்தின் குறிப்பிட்ட நீதிமன்றங்களை அறிவித்தது. துபாயில் வாங்கிய பணத் தீர்ப்பை இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, அந்த நீதிமன்றமே கொடுத்த தீர்ப்பு மாதிரி நிறைவேற்றலாம். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். சுந்தரபாண்டியத்துப் பையன் துபாயில் விட்டுவந்த பாக்கி அந்தக் கட்டடம் வரை வரமுடியும். அவன் அதற்கு முன் அங்கே ஐந்து வருஷம் தவறாமல் கட்டிய தவணைகளின் பட்டியலை, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வங்கியில் வீட்டுக் கடன் கேட்கும்போது நீட்டினால், மேனேஜர் மரியாதையாகப் பார்த்துவிட்டு, 'தம்பி, சிபில்ல ஒண்ணும் காணமே' என்பார்.