வெள்ளைக்கல்லும் உரிமச் சீட்டும்

சேலம் மாநகருக்கு வடக்கே சேர்வராயன் மலையடிவாரம் நோக்கிச் செல்வோர் கண்ணில் படுபவை வெளிறிய மேடுகள். அவை இயற்கைக் குன்றுகள் அல்ல. நூறாண்டுக்கும் மேலாக வெட்டிய பள்ளங்களிலிருந்து வெளியே கொட்டப்பட்ட கழிவுக் கற்களின் குவியல்கள். செட்டிச்சாவடி, குரும்பப்பட்டி, வெள்ளக்கல்பட்டி முதலிய ஊர்கள் அவற்றை ஒட்டி அமைந்துள்ளன. இறுதியாகச் சொன்ன ஊர்ப்பெயர் ஒன்றே இந்நிலத்தின் வரலாற்றைச் சொல்லப் போதுமானது.

ஆங்கிலேயர் இவ்விடத்திற்குச் 'சாக் ஹில்ஸ்' எனப் பெயரிட்டனர். சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்பது அதன் பொருள். ஆனால் இங்குச் சுண்ணக்கட்டி கிடையாது, இருப்பது மேக்னசைட். மக்களோ 'வெள்ளைக்கல்' என்றார்கள். நிறத்தை மட்டுமே சொன்னமையால் அவர்கள் சொல்லில் பிழை நேரவில்லை.

மக்னீசியம் மிகுந்த டூனைட் என்னும் கரும்பச்சைப் பாறை, கரியமிலவாயு கலந்த நீரால் சிதைந்தபோது அதன் வெடிப்புகளில் வெண்ணரம்புகளாகப் படிந்ததே இக்கல். நரம்புகள் தனித்து ஓடாமல் வலைபோல் பின்னிக் கிடப்பதால், நிலத்தடியில் குடைந்து செல்வதால் பயனில்லை; பாறை முழுவதையும் திறந்தவெளியில் பெயர்த்தாக வேண்டும். பெயர்த்த பாறையைச் சுத்தியலால் தட்டி, வெண்மையை மட்டும் பிரித்தெடுப்பது கைவேலை. வெயிலில் அமர்ந்து அதனைச் செய்தவர்களில் பெண்கள் பலர். பிரித்த கல்லை ஏறத்தாழ 1,700 பாகை வெப்பத்தில் சுட்டால், எஃகு உலைகளின் உட்சுவருக்கான தீத்தாங்கு செங்கல்லுக்கு மூலப்பொருளாகிறது. இரும்பை உருக்கும் நெருப்பைத் தாங்க உதவும் கல், இரும்புக்குப் பேர்பெற்ற கஞ்சமலையின் அண்மையிலேயே கிடைப்பது வியப்புக்குரியது.

வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் 1864இல் வெளியிட்ட நிலவியல் ஆய்வு இப்பகுதியை உள்ளடக்கியது. 1896இல் மிடில்மிஸ் இக்குன்றுகளின் பாறைகளைத் தனியே ஆராய்ந்து எழுதினார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வணிக நோக்கிலான வெட்டுதல் வேரூன்றியது. பர்ன் நிறுவனம், டால்மியா நிறுவனம், 1979இல் தோன்றிய தமிழக அரசின் தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனம் எனக் கைகள் பல மாறின. பர்ன் வழிவந்த சேலம் ஆலை 2011இல் இந்திய எஃகு ஆணையத்தின் வசமாயிற்று. புகைவண்டி நிலையத்திற்கே 'மேக்னசைட் ஜங்ஷன்' எனப் பெயர் அமைந்தது.

இனி உரிமத்தின் கதை. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் குத்தகைக்கு வழிவகுத்தது. அச்சட்டத்தின் கேள்வி, யார் வெட்டலாம், எத்தனை ஆண்டு, அரசுக்கு எவ்வளவு என்பதே. அருகில் உள்ள கிணறு என்னாகும், தூசி எங்கே படியும் என்னும் கேள்விகள் 1994, 2006 ஆகிய ஆண்டுகளின் சுற்றுச்சூழல் தாக்க அறிவிக்கைகளோடுதான் கட்டாயமாயின. 1997க்குப் பின் பெரும் சுரங்கங்களுக்கு ஊரார் முன்னிலையில் கருத்துக் கேட்பும் நடத்தப்பட வேண்டியதாயிற்று. மிகவும் காலம் தாழ்ந்து கேட்கப்பட்ட கேள்வி எனினும் கேட்கப்பட்டதே நன்று.

2015 பிப்ரவரியில் மைய அரசு 31 கனிமங்களைச் சிறுகனிமங்களாக அறிவித்து மாநிலங்களின் விதிகளுக்கு உட்படுத்தியது. அப்பட்டியலில் டூனைட் உண்டு, மேக்னசைட் இல்லை. ஆகவே நரம்பு ஒரு விதிக்கும் அதனைச் சுமக்கும் பாறை வேறொரு விதிக்கும் உரியனவாயின! இன்னொரு வேடிக்கையும் உண்டு. சுண்ணக்கட்டியும் அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. ஆங்கிலேயர் இட்ட பெயர் மெய்யாக இருந்திருப்பின் இக்குன்றுகள் சிறுகனிம நிலமாகியிருக்கும்.

2016ஆம் ஆண்டின் இறுதியில், சுற்றுச்சூழல் அனுமதி இல்லை என்னும் காரணத்தால் இங்கே வெட்டும் பணி நின்றது. விதியின்படி அது சரியே. ஆனால் பல பத்தாண்டுகள் கேள்வியின்றி நடந்த தொழில் ஒரே நாளில் முறையற்றதாக, அதன் விலையை முதலில் கொடுத்தோர் கூலியாட்களே. அனுமதியைப் பெறாதவர் நிறுவனத்தார். வேலையை இழந்தவர் சுத்தியல் பிடித்தவர். 2017 மார்ச்சில் மைய அரசு, முன்னனுமதியின்றி நடந்த பணிகள் விண்ணப்பிக்க ஆறு மாதக் கால வாய்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள் ஒடிசாச் சுரங்க வழக்கில், அனுமதியின்றி எடுத்த கனிமத்தின் முழு விலையையும் செலுத்த வேண்டும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கல்லின் விலை இவ்வாறு கணக்கிடப்பட்டது. நின்றுபோன நாள்களின் கூலிக்கு அத்தகைய கணக்கு எதனையும் அவ்விதிகள் வகுக்கவில்லை.