பூட்டிய ஆலையின் சாவி யாரிடம்?



நீலகிரி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டிய தேதி 1891 டிசம்பர் 1. பண்டிதர் அயோத்திதாசர் முன்னின்று நடத்திய திராவிட மகாஜன சபையின் மாநாடு அன்று இம்மலையில் கூடிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றியது. கல்வியும் அரசு வேலையும் கேட்ட அம்மாநாடு, பொதுக்கிணற்றில் நீரெடுக்கவும் பொது அலுவலகங்களில் தடையின்றி நுழையவும் உரிமை கேட்டது. ஒரு கட்டடத்துக்குள் யார் நுழையலாம், யார் உட்காரலாம் என்பது நமக்கு அன்றே அரசியல் கேள்வி. அதே கேள்வியை இன்று ஸ்ரீமதுரையில் நின்று, பயன்பாடு இழக்கும் தோட்டத் தொழிற்கட்டடங்களைப் பற்றிக் கேட்க விரும்புகிறேன். அவை நம் மக்களின் கலைக்கூடங்கள் ஆக முடியுமா? அதற்கான பணம் யாருடையதாக இருக்க வேண்டும்?

முன்னுதாரணத்தை ஐரோப்பாவில் தேட வேண்டியதில்லை. கூடலூர், பந்தலூர் தோட்டங்களில் வாழும் தாயகம் திரும்பிய தமிழர்கள் விட்டுவந்த இலங்கை மலையகத்திலேயே இரண்டு இருக்கின்றன.

முதலாவது, கண்டிக்கு அருகே ஹந்தானை. 1925இல் கட்டப்பட்ட அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை பத்தாண்டுகளுக்கும் மேலாக மூடிக் கிடந்தது. இலங்கைத் தேயிலைச் சபையும் தோட்டத் துரைமார் சங்கமும் பணம் போட்டு அதைச் சீரமைத்தன. 2001இல் அது தேயிலை அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய இயந்திரங்கள் துடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. 1867இல் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லருக்கு அங்கே இடமுண்டு. தாமஸ் லிப்டனுக்கும் இடமுண்டு. தேநீர்க் கடைகளும், மேல்மாடியில் உணவகமும் உண்டு. கட்டடம் பிழைத்தது. ஆனால், அதற்குள் கொழுந்து சுமந்து போனவர்களின் கதை அங்கே மையமாகவில்லை. பணம் போட்டவர்கள் தங்கள் முன்னோரைச் சுவரில் ஏற்றினார்கள். அதில் வியப்பில்லை.

இரண்டாவது, கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தின் பழைய லயக் காம்பராக்கள். கண்டியில் இயங்கும் சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அவற்றைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகவும் ஆவணக் காப்பகமாகவும் மாற்றியது. கட்டடம் சிறியது, பணமும் சிறியது. ஆனால், அங்கே காட்சியில் இருப்பவை தொழிலாளர்கள் புழங்கிய கருவிகள், வீட்டுச் சாமான்கள், இசைக்கருவிகள், ஆவணங்கள். ஒரே தொழில், ஒரே மலைநாடு. நிதி வந்த வழி மாறியதும் வரலாற்றின் நாயகர்களே மாறிவிட்டார்கள்.

இந்த வேறுபாடு நமக்கு ஏன் முக்கியம்? 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அம்மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பான்மையோர் தலித்துகள். அவர்களைக் குடியமர்த்தவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பின்னர் அது டான்டீ கழகமாயிற்று. கப்பலேறி வந்தவர்கள் தங்கள் கலைகளையும் கூடவே கொண்டுவந்தார்கள். விடியுமுன் லயங்களை எழுப்பிப் பிரட்டுக்கு அழைத்தது தப்பு; சாவுக்கும் திருவிழாவுக்கும் முழங்கியதும் அதே தப்பு. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் திறந்த வெளியில்தான் ஆடப்பட்டன. இந்தக் கலைகளுக்கென்று ஒரு கூரையைத் தோட்ட நிர்வாகம் போட்டுத் தந்ததில்லை.

இப்போது அந்தத் தோட்டங்களே சுருங்குகின்றன. 2022இல் டான்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்கத் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. குடியிருப்பு பற்றிய அச்சத்தைத் தொழிலாளர்கள் போராட்டமாக்கினார்கள். அது சரியே, வீடுதான் முதலில். ஆனால், பிரட்டுக் கொட்டகை, பிள்ளைக் காப்பகம், கொழுந்து நிறுக்கும் கொட்டகை, ஆலை ஆகியவை கைவிடப்பட்டால் என்ன ஆகும்? வனநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற, 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும். தென்மேற்குப் பருவமழை சில ஆண்டுகள் அடித்தாலே தகரக் கூரை துருப்பிடித்து விழுந்துவிடும். நாம் விழித்துக்கொள்வதற்குள் கேட்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வழி ஒன்று இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் பிரிவு 3(2), பள்ளி, அங்கன்வாடி முதலான 13 வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை ஒதுக்க இடம் தருகிறது. அப்பட்டியலில் கடைசியாக இருப்பது சமுதாயக் கூடம். கிராம சபையின் பரிந்துரை அதற்குக் கட்டாயம். இச்சட்டம் வனத்தில் வாழும் பழங்குடிகளையும் பிற மரபுவழி வனவாசிகளையும் மையமாகக் கொண்டது. தாயகம் திரும்பியோர் தனியே நின்று இதைக் கேட்பது கடினம். பணியரோடும் காட்டுநாயக்கரோடும் சேர்ந்தே கேட்க வேண்டும். பணியரின் துடியும் நம் தப்பும் ஒரே கூடத்தில் ஒலிக்க வேண்டும் என்பதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. அந்தக் கூட்டணி இல்லாமல் அந்தக் கூடமே கிடையாது.

இனி, பணம். மும்பை தாதரில் மூடிக் கிடந்த இந்து மில் நிலத்தை நினைத்துப் பாருங்கள். பம்பாய் ஆலைகளில், அறுந்த நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும், அதனால் தீட்டு என்று சொல்லி நெசவுப் பிரிவிலிருந்து தலித்துகள் விலக்கப்பட்டிருந்தார்கள். 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் அதை எதிர்த்துக் கேட்டார். அதே நகரத்தில், 2011 டிசம்பரில் அம்பேத்கரியத் தொண்டர்கள் மூடிய இந்து மில்லுக்குள் நுழைந்து அமர்ந்தார்கள். 2012இல் நிலத்தைத் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. 2015இல் அம்பேத்கர் நினைவகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. உரிமை கோரியவர்கள் முதலில் உள்ளே போனார்கள். நிதி பின்னால் வந்தது.

நமக்கும் பொதுப்பணமே முதல் வழி. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மக்களில் நூற்றுக்கு 32 பேர் பட்டியல் சாதியினர். மக்கள்தொகை விகிதப்படி நிதியை ஒதுக்க வேண்டும், வேறு பக்கம் திருப்பக் கூடாது என்பதற்காக 2024இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் செலவிடப்பட வேண்டும். கூரை மாற்ற, மின்கம்பி இழுக்க, கழிப்பறை கட்ட இந்தப் பணத்தைக் கேட்பது சலுகை கேட்பதல்ல. இருக்கும் கட்டடத்தைச் சீரமைப்பதால் மலைச்சரிவில் புதிதாகக் குழி தோண்ட வேண்டிய தேவையும் குறையும்.

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கலையும் பழைய கட்டடச் சீரமைப்பும் அதில் அடங்கும். அப்பணத்தையும் வாங்கலாம். ஆனால், ஹந்தானை நினைவிருக்கட்டும். சுவரில் எந்தப் படம் மாட்டுவது என்பதை முடிவு செய்யும் உரிமையைக் கொடுத்துவிட்டு வாங்கக் கூடாது.

கூரை ஒருமுறைச் செலவு. மின்கட்டணமும் காவலும் வாத்தியப் பழுதும் மாதாமாதம் வரும். இதற்கு அயோத்திதாசரே வழி காட்டியிருக்கிறார். 1907 ஜூன் 19இல் அவர் தொடங்கிய இதழின் விலை ஒரு பைசா. பெயரே ‘ஒரு பைசாத் தமிழன்’. கூலிக்காரரும் வாங்கக்கூடிய விலையில் நடந்த அந்த இதழ், தான் பேசிய மக்களையே நம்பி நின்றது. கூடத்தின் அன்றாடச் செலவு நம் சந்தாவில் நடந்தால், நிர்வாகக் குழுவில் யார் இருப்பது என்பதை வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறேன். அவரவர் தோட்டப் பிரிவில் பயன்பாடற்ற கட்டடம் எது, நிலம் எந்தத் துறையின் பெயரில், கூரை எந்த நிலையில் என்று எழுதி எடுங்கள். தப்பும் துடியும் கற்றுத் தரும் பெரியவர்கள் யார் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்தத் தாளோடு போவோம்.

ஜெய் பீம்.